ஆளுக்கொரு டிஸ்க்

— இல்ல கண்ணு, இதை உங்கிட்டக் குடுக்கறதுக்கு நான் வரல. காட்டறதுக்குத்தான் வந்தேன். காட்டிப்போட்டு எடுத்துக்கிட்டுப் போயிருவேன்.

— ஏனுங்க லாசர் பெரியப்பா, வேட்டியில முடிஞ்சு வெச்சுக்கிட்டுக் காட்டறேன்னா எப்படிங்க? மேசை மேல வைங்க.

— நீ தொடுவ.

— கம்ப்யூட்டர் கடைக்காரி தொடாம, பின்ன ஊதுபத்தி கொளுத்தவா செய்வேன்?

— எஸ்டேட் லாரி ஓட்டியே தலை நரைச்சவன் நான். மெக்கானிக் கையில குடுத்த சாமான் எதுவும் குடுத்த மாதிரி திரும்பி வந்ததில்ல. பட்டறைக்காரனா இருந்தா என்ன, ஷெர்லினா இருந்தா என்ன, எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.

— சரி, நீங்களே கையில புடிச்சுக்குங்க. நான் கையக் கட்டிக்கிட்டே பாக்கறேன். ம்... இது எங்கடைச் சரக்குங்க. எஸ்.எஸ்.டி., படமெல்லாம் சேத்து வெக்கற டிஸ்க்கு. சேலத்துல இருந்து நானே வரவழைச்சு, ஆன்மேரி அக்கா ஸ்டூடியோக் கம்ப்யூட்டர்ல மாட்டிக் குடுத்தது. ஜோடியா இருந்துதுங்களே, இன்னொண்ணு எங்கெ?

— மஞ்சக்குட்டையில.

— மஞ்சக்குட்டையில அதுக்கென்னுங்க சோலி?

— மாப்பிள்ளை பாகத்துக்குப் போயிருச்சு.

— ஓ. பாகம்.

— என்ன ஓ? தெரியாத மாதிரி. இந்த ஒண்டிக்கடை முக்குல பஸ் வந்து நிக்கறதுக்கு முன்னாடி சேதி எறங்கி நடந்து போவுது. கிங்ஸ்டன் கோவிச்சுக்கிட்டு மஞ்சக்குட்டையில அவங்கக்கா ஊட்டுல போயி உக்காந்துட்டான். எம்பொண்ணு செம்மநத்தத்துல எங்கூட்டுல உக்காந்துட்டா. ஸ்டூடியோ பூட்டிக் கெடக்குது. போதுமா?

— கேள்விப்பட்டேனுங்க. இருந்தாலும் உங்க வாயால கேக்கறது தனி ருசி.

— நக்கலா?

— பாதி நக்கல், பாதி கவலைங்க பெரியப்பா. யாரு பாகம் பிரிச்சது?

— நாந்தான். வேற எவனை நம்பறது? எங்க வகையறாவுல ஒரு வழக்கம் இருக்குது. பிரிச்சு வெக்கறவன் மொதல்ல எடுக்கப்படாது. நான் எம்பொண்ணு பக்கத்து ஆளு, அதனால நான் பிரிச்சு வெச்சேன், மாப்பிள்ளை மொதல்ல எடுத்தான். மீந்தது இவளுக்கு. ரெண்டு கேமரா, ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு லைட்டு, ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு கட்டில், ஆளுக்கு ஒண்ணு.

— இட்லிக் குண்டான்?

— மூடி அவனுக்கு, குண்டான் இவளுக்கு.

— ஆண்டவரே! மூடிய வெச்சுக்கிட்டு அவரு என்னுங்க பண்ணுவாரு?

— அவன்தான் மூடியக் கேட்டான்! நானா எடுத்துக் குடுத்தேன்? மூடி போதுங்க மாமான்னான். போதும்னா போதும். நான் ஏன் எதுக்குன்னு கேக்கப் போறேன்?

— நீங்க கேக்க மாட்டீங்க. சரி, கம்ப்யூட்டர்ப் பெட்டி?

— அது ஒத்தையா இருந்துச்சு. ஒத்தையா இருக்கறதை எப்படிப் பிரிக்கறது? அதான் மூடியக் கழட்டி உள்ளாற பாத்தேன். இது ரெண்டு இருந்துச்சு. ஒரே அளவு, ஒரே எடை, ஒரே ஸ்டிக்கரு. கையில வெச்சுத் தூக்கிப் பாத்தேன், ஒரு குண்டுமணி ஏறல எறங்கல. வயரப் புடுங்குனேன், ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டேன். இதைவிட நாயமா ஒரு ஜட்ஜு பிரிச்சுருவானா?

— பிரிக்க மாட்டாருங்க. அவருக்குக் கம்ப்யூட்டரைத் தொறக்கக் கை நடுங்கும்.

— ஆனா இப்ப அது வேலை செய்யல.

— செய்யாதுங்க.

— எப்படிச் செய்யாது? நல்ல சாமானா இருந்தா தனியாவும் வேலை செய்யணும். பக்கத்தூட்டு ரொனால்டு ஒரு வயரு வெச்சிருந்தான். அவன் மடிக் கம்ப்யூட்டர்ல சொருகிப் பாத்தோம். ஒரு படமும் வரல. இங்கிலீசுல என்னமோ கேள்வி கேட்டுச்சு.

— என்ன கேள்விங்க?

— யாருக்குத் தெரியும்? இதைச் சுத்தம் பண்ணிரலாமா, சரின்னு ஒரு தட்டு தட்டுங்கன்னு கேக்குதுன்னு ரொனால்டு சொன்னான்.

— தட்டிட்டீங்களா? பெரியப்பா, என்னைப் பாருங்க. தட்டிட்டீங்களா?

— நான் எதுக்குத் தட்டறேன்? நான் பாக்கப் போன சாமான், அது என்னைக் கேள்வி கேக்குது. கேள்வி கேக்கற சாமானை நான் நம்பறதில்ல. வெடுக்குனு புடுங்கி மடியில கட்டிக்கிட்டேன்.

— இப்படிக் குடுங்க உங்க கைய. முத்தம் குடுக்கணும்.

— சீ, அக்கட்டப் போ. டிஸ்க்கைத் தொடறதுக்கு இது ஒரு தந்திரம்.

— நெசமாலுமே சொல்றேனுங்க. அன்னைக்கு நீங்க சரின்னு தட்டியிருந்தா, இந்த டிஸ்க்குல இருக்கற மேனகா கல்யாண வீடியோ அத்தோட முடிஞ்சுது. உங்க சந்தேகம் இன்னைக்கு ஒருநாளு சோறு போட்டுருச்சு.

— மேனகா கல்யாணம் இதுலதான் இருக்குதா? எம்பொண்ணு அதை நெனச்சுத்தான் தவிச்சுக்கிட்டுக் கெடக்கறா. வெட்டி ஒட்டற வேலையெல்லாம் முடிச்சுட்டாளாம். மேனகா அப்பன் ஐயாக்கண்ணு ஊட்டுல கொண்டு போயிக் குடுக்க வேண்டியதுதான் பாக்கியாம்.

— இதுலயும் இருக்குதுங்க, மஞ்சக்குட்டையிலயும் இருக்குதுங்க.

— அப்பறம் என்ன? ஆளுக்கொரு காப்பி. நாயமாத்தான் பிரிச்சிருக்கறேன்.

— காப்பி இல்லீங்க. இப்படிப் பாருங்க. கோயில் பாட்டுப்புஸ்தகத்தைப் பிரிச்சு, ஒத்தைப்படைப் பக்கத்தையெல்லாம் உங்க கையில குடுக்கறேன். ரெட்டைப்படைப் பக்கத்தையெல்லாம் உபதேசியார் கையில குடுக்கறேன். நீங்க பாடுவீங்களா?

— நான் முழுப் புஸ்தகம் குடுத்தாலும் பாட மாட்டேன்.

— அது எங்களுக்குச் செஞ்ச புண்ணியம். ஆனா பாட நெனச்சாலும் ஒரு பாட்டு முழுசா வராதுங்களா இல்லியா? அந்த மாதிரிதான். ஒரு படத்தைப் பொடிப்பொடியா வெட்டி, ஒரு துண்டு இதுல, அடுத்த துண்டு அதுல, மறுபடியும் இதுல. ரெண்டும் சேந்து நின்னாத்தான் படம். தனித்தனியா இருந்தா வெறும் குப்பை.

— எந்த மடையன் இப்படி வெட்டச் சொன்னது?

— உங்க பொண்ணுங்க.

— ம்.

— வேகத்துக்குங்க பெரியப்பா. காப்பித் தோட்டத்துல ஒரு வரிசையில ஒரே ஆளு பழம் பறிச்சா பொழுதாவும். இக்கட்ட ஒரு ஆளு, அக்கட்ட ஒரு ஆளு நின்னு பறிச்சுக்கிட்டே போனா? பாதி நேரத்துல கூடை ரொம்பிருது. ரெண்டு டிஸ்க்கும் ஒரே சமயத்துல எழுதும், ஒரே சமயத்துல படிக்கும். ஆளு ரெண்டு, வேலை ஒண்ணு.

— அதுல ஒரு ஆளு படுத்துக்கிட்டா?

— ரெண்டுமே போச்சு.

— இதைச் சொல்லித்தான் நீ வியாபாரம் பண்றயா? ஒருத்தன் செத்தா ரெண்டு பேருக்கும் குழி! லாரிக்கு ஸ்டெப்னி இல்லாம ஒருத்தன் மலையெறங்குவானா?

— அச்சு அசலா இதையேதான் உங்க மாப்பிள்ளையும் கேட்டாரு. இதே எடத்துல நின்னு.

— அவன் எதுக்கு என்னை மாதிரிப் பேசறான்?

— ரெண்டுலயும் ஒரே படத்தை வெப்போம், ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும், வேகம் நமக்கு வேண்டாம்னு மல்லுக்கட்டுனாரு. அக்கா கேக்கலியே. வேகந்தான் வேணும், ரெண்டையும் சேத்துக் கட்டுன்னாங்க. கஸ்டமர் முன்னாடி வெச்சு, எடிட்டிங்லதான் லேட்டாவுதுன்னு இவரு வாய விட்டுப்போட்டாருங்கல்ல, அந்தக் கோவம். இனிமே யாரால லேட்டுன்னு பாத்துரலாம்னு ஒரு வேகம். நான் வேணுங்கற எச்சரிக்கையெல்லாம் சொல்லிப்போட்டுத்தான் மாட்டிக் குடுத்தேன்.

— கஸ்டமர் முன்னாடி பொண்டாட்டியச் சொன்னவன் என்ன ஆளு? அதான் நான் அவனை ஆரம்பத்துல இருந்தே நம்பல.

— நீங்க யாரைத்தானுங்க நம்பியிருக்கறீங்க? பாதிரியாரு உண்டியல எண்ணறப்பவே பக்கத்துல போயி நிக்கற ஆளு.

— நின்னா என்ன தப்பு? அவரு கோவிச்சுக்கலியே.

— சரிங்க. இதை எங்கிட்டக் குடுங்க. அவரு டிஸ்க்கும் வந்துச்சுன்னா ரெண்டையும் பழையபடி மாட்டிரலாம். ஒண்ணும் கெட்டிருக்காது. அவரும் தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறாரு.

— யாரு? கிங்ஸ்டனா? இங்க வர்றானா?

— காலையில நான் ஷட்டரைத் தூக்கறப்பவே வண்டி வந்து நிக்கும். ஆன்மேரி பாகம் வந்துச்சாங்கறாரு. வரலீங்கறேன். ஒரு டீ குடிக்கறாரு. ரோட்டப் பாக்கறாரு. போயிடறாரு. இன்னைக்கு மஞ்சக்குட்டைப் பக்கம் மூடுபனி போல, இன்னும் காணோம்.

— பாத்தியா? பாத்தியா கண்ணு? நான் சொல்லல? டிஸ்க்குக்குத்தான் வர்றான். பொண்டாட்டி நல்லா இருக்கறாளான்னு ஒரு வார்த்தை கேட்டானா?

— கேக்கலீங்க.

— கேக்க மாட்டான். கஸ்டமர்கிட்ட மானம் போயிரும், அந்தப் பயம். அவனுக்கு வேண்டியது இந்தக் கறுப்பு டப்பா. இது கையில கெடச்சா, எம்பொண்ணு எந்தப் பக்கம் போனா அவனுக்கென்ன? அதுக்குத்தான் குடுக்க மாட்டேங்கறேன். வரட்டும். செம்மநத்தத்துக்கு வந்து எங்கூட்டு வாசல்ல நிக்கட்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். நின்னாப் போதும். அன்னைக்குக் குடுக்கறேன்.

— நின்னா உள்ள கூப்புடுவீங்களா?

— அது அன்னைக்குப் பாத்துக்கலாம்.

— அப்பா!

— ஐயோ, வந்துட்டா. கண்ணு, இதை அந்த மேசைக்கு அடியில...

— மறைக்காதீங்க, பாத்துட்டேன். பீரோவுல சேலைக்கு அடியில வெச்சிருந்தேன். ஊடு பூராத் தேடிப்போட்டு ஜீப்பப் புடிச்சு ஓடி வர்றேன். நீங்க என்னடான்னா ஒண்டிக்கடையில வெச்சு விலை பேசிக்கிட்டு இருக்கறீங்க.

— விலை பேசல சாமி. நோவு என்னன்னு கேக்க வந்தேன். அது பேச மாட்டேங்குது.

— அது ஏன் பேசாதுன்னு என்னைக் கேட்டா நான் சொல்லியிருப்பேன். சேத்துக் கட்டச் சொன்னதே நாந்தான?

— ஏனுங்க ஆன்மேரி அக்கா, ஒத்தையா இருந்தா ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு தெரிஞ்சேதான் பீரோவுல வெச்சுப் பூட்டுனீங்களா?

— பின்ன, குப்பையிலயா போடறது?

— பட்டுச்சேலைக்கு அடியில வெக்கற அளவுக்கு?

— ஷெர்லின், கடையப் பாரு.

— கடையத்தானுங்க பாக்கறேன். பழுதுன்னா என்ன பழுதுன்னு கேட்டாத்தான வேலை பாக்க முடியும்.

— சொல்லட்டுமா? நெசத்தச் சொல்லட்டுமா? அப்பா பிரிச்சு வெச்சப்பவே நான் வாயத் தொறந்து, இதைப் பிரிக்கப்படாதுங்கப்பான்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அவரும் பாத்துக்கிட்டே நின்னாரு, அவருக்கும் தெரியும். அவரும் சொல்லல. பாதி எங்கிட்ட இருக்கற வரைக்கும், மேனகா கல்யாணத்துக்காவது ஒரு நாளு வந்துதான ஆகணும்னு நெனச்சேன். தினமும் வண்டிச் சத்தம் கேட்டா சன்னலுக்குப் போறேன். போதுமா?

— என்னடி இது. எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?

— உங்ககிட்டச் சொன்னா நீங்க அருவாளை எடுத்துக்கிட்டு மஞ்சக்குட்டைக்குப் போயிருவீங்க.

— அருவா எதுக்கு? வாயே போதும்.

— அதுக்குத்தாங்கப்பா சொல்லல.

— கேளு சாமி. அவன் வர்றான். தினமும் வர்றான்.

— எங்கெ வர்றாரு?

— இங்கெ. இந்தக் கடைக்கு. காலையில வந்து, ஆன்மேரி பாகம் வந்துச்சான்னு கேட்டுப்போட்டு, டீயக் குடிச்சிட்டுப் போறானாம். உன்னைப் பத்தி ஒரு பேச்சில்ல.

— நெசமா, ஷெர்லின்?

— வர்றாருங்கக்கா. அது நெசம்.

— கடைக்கு வழி தெரியுது. செம்மநத்தத்துக்கு வழி தெரியல.

— அக்கா, அப்படி எடுத்துக்க...

— இல்ல, இரு. நல்லதுதான். தெரிஞ்சு போச்சு. நான் வண்டிச் சத்தத்துக்குச் சன்னல்ல நிக்கறேன், அவரு டிஸ்க்குக்காகக் கடையில நிக்கறாரு. ஐயாக்கண்ணு வேற விடாமப் போன் பண்ணிக்கிட்டே இருக்கறாரு. என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம எடுக்கறதே இல்ல. அவருகிட்டயும் கேட்டிருப்பாரு, அந்த நெருக்கடி.

— ஐயாக்கண்ணு போனுதான பண்றாரு உனக்கு. எனக்கு நேராவே வந்து நிக்கறாரு. முந்தாநாளு சந்தையில எட்டத்துல இருந்து என்னைப் பாத்துச் சிரிச்சாரு. கையத் தூக்கிக் கும்பிடு வேற. நானு வாழைத்தாருக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டேன்.

— சிரிச்சா எதுக்குங்க பெரியப்பா ஒளியறீங்க?

— உனக்குத் தெரியாது கண்ணு. பொண்ணு கல்யாணத்தைப் படம் புடிச்சுக் குடுக்காம ஏமாத்துனவன் மாமனாரைப் பாத்து, ஒரு மனுசன் பல்லக் காட்டிச் சிரிக்கறான்னா, அது நல்ல சிரிப்பா? வெட்டறதுக்கு முன்னாடி சிரிக்கற சிரிப்பு. அதைவிட மோசம், நேத்து ஊட்டுக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம் குடுத்து விட்டிருக்கறாரு.

— அதையுமா சந்தேகப்பட்டீங்க?

— பின்ன? நான் தொடல. ஆட்டுக்குப் போட்டேன்.

— ஆடு நல்லா இருக்குதுங்களா?

— நொம்ப நல்லா இருக்குது. அதுதான் எனக்கு இன்னும் புரியல.

— அப்பா, போதும் நிறுத்துங்க. ஷெர்லின், அங்க பாரு. வளைவுல வர்றது அவரு வண்டிதான? அந்த உறுமல்தான் அது.

— அவருதானுங்க. பனி விலகிருச்சாட்டம் இருக்குது.

— நான் வெளியப் போறேன். போயி நாலு கேக்கறேன்.

— அப்பா, உக்காருங்க. உங்க கையில இருக்கறதை இப்படிக் குடுங்க.

— எதுக்கு?

— குடுங்கங்கறேன். இந்தா ஷெர்லின். புடி. அவருகிட்டக் குடுத்துரு. அவரு பாதியையும் வாங்கி ரெண்டையும் சேத்துக் குடுத்தனுப்பு. மேனகா படத்தைக் கொண்டு போயி ஐயாக்கண்ணுகிட்டக் குடுக்கட்டும், மானத்தைக் காப்பாத்திக்கட்டும். நான் இந்தத் தடுப்புக்குப் பின்னாடி நின்னுக்கறேன். நான் வந்தேன்னு சொல்லாத. வேணுங்கறது கெடச்சுருச்சுன்னா நாளையில இருந்து இந்தப் பக்கம் வர மாட்டாரு. நானும் சன்னலைச் சாத்திப்போட்டு வேற வேலையப் பாக்கலாம்.

— சாமி, அவசரப்படாத. இதை விட்டுட்டா அப்பறம் அவனைப் புடிச்சு வெக்க நம்ம கையில என்ன இருக்குது?

— ஒண்ணுமில்லாட்டிப் போவுது. டிஸ்க்கக் காட்டிப் புருசனைப் புடிச்சு வெக்கணும்னு எனக்கு எழுதியிருக்குதா? குடுத்துரு ஷெர்லின். வண்டி நின்னுருச்சு.

— குடுக்கறேனுங்க. ஆனா வாங்கி என்ன பண்ணுவாருன்னுதான் எனக்குத் தெரியல.

— என்ன பண்ணுவாரா? மாட்டி வேலை பாப்பாரு.

— அக்கா, மெதுவாப் பேசுங்க, ஹெல்மெட்டக் கழட்டறாரு. உங்ககிட்டச் சொல்லப்படாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கறாரு, சொல்லிப்போடறேன். அன்னைக்கு நீங்க ரெண்டையும் சேத்துக் கட்டச் சொல்லிட்டுப் போனதுக்கு மறுநாளே வந்து, மெதுவா ஓடற பழைய மாடல் டிஸ்க் ஒண்ணு பெருசா வாங்கிட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரிஞ்சா நம்பலியான்னு கோவிச்சுக்குவீங்கன்னு, நீங்க கோயில்ல பாட்டுப் பிராக்டிசுக்குப் போற நேரமாப் பாத்துக் காப்பி எடுத்து வெச்சிருக்கறாரு.

— எதைக் காப்பி எடுத்தாரு?

— எல்லாத்தையுங்க. நீங்க வெட்டி ஒட்டி முடிச்சது வரைக்கும். மேனகா கல்யாண வீடியோவ அவரே போன வாரம் ஐயாக்கண்ணு ஊட்டுல கொண்டு போயிக் குடுத்துட்டாரு.